ரிஃபாத்தின் தோள்கயிறு

துர்சுனின் வலக்கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் தின்றது ஒட்டகம். தின்னக் கொடுத்தவன் அக்காள் புருஷன் ரிஃபாத். பதினொரு வருஷமாகத் துர்சுனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

ஒட்டகச் சண்டையில் சொந்தக்காரன் தோளில் ஒரு சுருள் கயிறு கிடக்கும். தன் ஒட்டகம் தாங்காது என்று தெரிந்தால் அதைக் களத்தில் எறிவான். தோல்விதான், ஆனாலும் களத்தில் காத்து நிற்கும் துர்சுன் மாதிரியான ஆட்கள் பாய்ந்து இரண்டு ஒட்டகத்தையும் இழுத்துப் பிரித்துவிடுவார்கள், உயிர் தப்பும். அய்தின் வட்டாரத்திலேயே அதை ஒருமுறைகூட எறியாதவன் ரிஃபாத் ஒருவன்தான். செங்கல் சூளையில் மண் மிதித்தவன், பெண்டாட்டி வளையலை விற்று ஒட்டகம் வாங்கியவன். போரா என்று பேர் வைத்தான். பிள்ளைகளுக்கு முன்னால் அதற்குத்தான் தீனி.

விரல் போன அன்றைக்குப் போராவை எதிரி ஒட்டகம் கழுத்தால் அமுக்கித் தரையோடு தேய்த்தது. எதிரியின் வாய்க்கட்டு அறுந்துபோக, துர்சுன் ஓடி வாயைப் பிடித்தான்.

"கயித்த எறி மச்சான்! கடிக்குது!"

"விட்றாத மாப்ளே! போரா எந்திரிச்சிருவான்!"

எலும்பு நொறுங்கியது துர்சுனின் காதுக்கே கேட்டது. போரா எழுந்து ஜெயித்தும்விட்டது. பரிசுக் கம்பளத்தைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் ரிஃபாத் சொல்லுவான்: "மாப்ள ரெண்டு விரலக் குடுத்தான், நான் கம்பளம் வாங்குனேன்."

போன தை மாதம் கிழட்டுப் போராவை மறுபடி இறக்கினான். கூட்டம் கூவியது.

"ரிஃபாத்தே, கறிக்கடைக்காரன் கத்தி தீட்டுறான், ஓட்டிட்டுப் போ!"

"உங்கப்பன அறுக்கச் சொல்லுடா!"

எதிரி போராவின் முன்னங்காலைத் தன் காலால் கொக்கி போட்டு முறுக்கியது. ரிஃபாத் கடிவாளத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். சறுக்கினான். இரண்டும் சேர்ந்து அவன் நெஞ்சின்மேல் சாய்ந்தன. துர்சுன் அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தபோது விலா எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றது. வாயெல்லாம் ரத்தம். கயிறு மட்டும் தோளிலேயே கிடந்தது.

அந்தப் பக்கம் எதிரி இன்னும் காலை விடாமல் முறுக்க, போரா மண்ணில் முகம் புதைந்து அலறியது.

"வண்டிக்குச் சொல்லுங்கடா!" என்று கத்தினான் துர்சுன்.

ரிஃபாத் அவனுடைய மூன்று விரலையும் இறுகப் பிடித்தான்.

"என்ன விடு மாப்ளே. எனக்குக் கை தூக்க முடியல. கயித்த நீ எறிடா... அவன் கால் ஒடியறதுக்குள்ள எறி."