சிறைப் பட்டியல் வாசிக்கும் வில்டா

காலை ஆறரைக்கு வில்டா ஸ்டிதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைபேசியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொள்கிறார். டன்மோர் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்துச் சிறையின் இணையப் பக்கம் திறக்கிறது. நேற்று உள்ளே போனவர்கள் மேலே, முன்பே உள்ளே இருப்பவர்கள் கீழே: படம், பெயர், வயது, பதிவான நேரம், குற்றச்சாட்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இவர் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாக மேலே தள்ளுகிறார்.

"மூணாவது சீட்டு, இடது பக்கம்" என்கிறார், தாடி வைத்த ஒருவனைப் பார்த்து. "ஆரஞ்சுப் பழத்தோலை ஜன்னல் இடுக்குல சொருகி வைப்பான்."

முப்பத்தொரு வருடம் இந்த மலைச்சாலைகளில் பதினோராம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். முழங்கால் இரண்டும் மறுத்த பிறகுதான் இறங்கினார். இப்போது பெட்ரோல் நிலையக் கடையின் பின்பக்கத்தில், ஐஸ் பெட்டிக்கு அடுத்த மேசை அவருடையது. எனக்கு அதற்கு எதிர் மேசை.

"என்ன மிஸ் வில்டா, இன்னைக்கு பஸ்ல எத்தனை பேரு?" என்று தினமும் கேட்பார் டுவைட். சின்ன வயதில் அதே பேருந்தில் போனவர், இப்போது மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்பவர்.

"ஏழு பேரு. உன் சீட்டு காலியாத்தான் இருக்கு. சொல்லு, துடைச்சு வெக்கறேன்."

டுவைட்டும் அதே பக்கத்தைப் பார்ப்பவர்தான், சிரிப்பதற்காக. யாருடைய படத்தையாவது காட்டி, "இவன் மூஞ்சியைப் பாரேன்" என்று ஆரம்பித்தால், வில்டா பக்கத்தின் அடியில் இருக்கும் வரியைச் சத்தமாக வாசிப்பார்: கைதானவர் என்பதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. வாசித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல உனக்கு வாசிக்க வராதே, அதான் நான் வாசிச்சேன்" என்பார்.

அரசாங்கம் ஒரு மனிதனைப் பிடித்து, பிடித்ததையே மறைத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட பட்டியல்கள் எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பதற்கு அதுதான் பழைய காரணம், நேர்மையான காரணமும்கூட. ஆனால் எதற்காக ஒன்றை உண்டாக்கினோமோ அதற்காகவே உலகம் அதைப் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. டுவைட் சிரிக்கிறார். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெயர்களைக் குறித்துக்கொள்கிறார்கள். வில்டா தாய்மார்களுக்குப் போன் செய்கிறார்.

இங்கே போதை மாத்திரைகள் வந்து, பிறகு மாத்திரையைவிட மோசமானவை வந்த இந்தப் பதினைந்து வருடங்களில், பெற்றவர்கள் பயப்படுவது சிறைக்கு அல்ல. உள்ளே ஆள் அசையாமல் கிடக்க, ஆற்றோரம் பூட்டி நிற்கும் காருக்கு. பட்டியலில் பெயர் வந்தால், அந்த நேரத்தில் பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

"உள்ள இருக்கான், கண்ணு. வெதுவெதுன்னு இருக்கு, சோறு போடறாங்க. நீ போய்க் கொஞ்சம் படு" என்பார் போனில்.

மறுமுனையில் 'என்ன பண்ணினான்?' என்றுதான் கேட்பார்கள், எனக்கும் அது மனப்பாடம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுத்து சின்னதா இருக்கு" என்று வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் ஊறுகாய்ப் புட்டியின் பொடி எழுத்தை வாசிக்கிறவர் அவர்.

வில்டாவை நல்லவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் பிள்ளையைப் பேருந்து நிற்கும் சந்து முனைக்குத் தாமதமாக அனுப்பிய பெற்றோரை இன்னும் மன்னிக்கவில்லை. கடையின் ஜாம் பொட்டலங்களைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். ஊரில் யார் வீட்டில் எந்தக் கார் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தவறும் செய்திருக்கிறார். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு பையனின் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போனது. விட்டுவிட்டார்கள் என்று எண்ணி அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு சிறை வாசலில் பொழுது சாயும்வரை நின்றார். இங்கே கட்டில் போதாமல் அவனைப் பக்கத்துக் கவுண்டிச் சிறைக்கு மாற்றியிருந்தார்கள். அதிலிருந்து வில்டா சுற்றியுள்ள நான்கு கவுண்டிகளின் பட்டியலையும் பார்க்கிறார். அவை நீளமானவை. ஆகவே அங்கே மட்டும் முகம் பார்ப்பதில்லை. தாய்மார்கள் கொடுத்த பெயரை அடித்துத் தேடுவதோடு சரி.

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் தட்டைத் தொடவே இல்லை. பன் போன்ற பிஸ்கட்டின் மேல் ஊற்றியிருந்த வெள்ளைக் குழம்பு ஆடை கட்டிப்போயிருந்தது.

ஆர்லீன் காடிலின் மகள் டாரா வீட்டைவிட்டுப் போய் ஐம்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆர்லீன் நூலகத்துக் கணினியில் தினமும் 'காடில்' என்று தேடினார். வில்டாவும் தேடினார். எங்கும் இல்லை. திங்களன்று அணைக்குக் கீழே ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. வயது பொருந்துகிறது, வியாழன் காலை பத்து மணிக்கு வந்து மரபணுச் சோதனைக்குக் கன்னத்து உட்புறத்திலிருந்து மாதிரி கொடுங்கள் என்று போலீசிலிருந்து ஆர்லீனுக்கு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

"நாலு கவுண்டியும் சேத்து அறுநூறு மூஞ்சி. இன்னைக்கு எல்லாத்தையும் பாத்துடறேன்" என்றார் வில்டா.

டுவைட் அவருக்குக் காப்பி ஊற்றிவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எட்டே முக்காலுக்கு வில்டாவின் விரல் நின்றது. மூன்றாவது கவுண்டி. ஒட்டக் கத்தரித்த முடி, ஒட்டிப்போன கன்னம். எனக்கு யாரென்றே தெரியவில்லை. வில்டா படத்தைப் பெரிதாக்கி, தாடையின் கீழ் வெள்ளைக் கோடு போலிருந்த தழும்பைக் காட்டினார்.

"ரெண்டாங்கிளாஸ். படியில பனி உறைஞ்சிருந்தது, வழுக்கிட்டா. ஸ்கூல் வர்ற வரைக்கும் என் ஸ்கார்ஃபை வெச்சு அமுக்கிக்கிட்டே ஒரு கையால ஓட்டினேன்."

படத்தின் கீழே இருந்த பெயர் டாரா பெல்ச்சர். பதிவாகிப் பதினோரு நாள்.

அவர் அந்தச் சிறைக்குப் போன் செய்தார். பட்டியலில் இருப்பது போதாது அவருக்கு.

"பெல்ச்சர், டாரா. இருக்காளா?"

இருக்கிறார் என்றது ஒரு ஆண் குரல்.

"ஏட்டுல இருக்கறதைச் சொல்லாதப்பா. யாராவது எழுந்து போய் நேர்ல பாத்துட்டு வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

ஒன்பது நிமிடம் கழித்து அந்தக் குரல் திரும்பி வந்தது. "சீட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க மேடம். ஜெயிச்சுக்கிட்டும் இருக்காங்க."

வில்டா என்னைப் பார்த்தார். "நீ சும்மாதானே உக்காந்து படிச்சிக்கிட்டிருக்க. வா. ஆர்லீன் வீட்டு மேட்டுல வண்டி மாட்டும், தள்ள ஆள் வேணும்."

மேட்டில் வண்டி மாட்டத்தான் செய்தது. தள்ளினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. ஆர்லீன் கோட்டு போட்டு, தேவாலயத்துக்குப் போகும் காலணிகளை மாட்டிக்கொண்டு, கார்ச் சாவியுடன் முன்வாசலில் நின்றிருந்தார்.

"இப்ப முடியாது வில்டா. எனக்கு நேரமாச்சு."

"பெல்ச்சர்னு ஒருத்தன் உண்டா?"

ஆர்லீனின் முகம் இறுகியது. "அவன் பேரை என் வாசல்ல நின்னு சொல்லாத."

"டாராவைக் கட்டினானா?"

"கோர்ட்டு ஆபீஸ்ல பத்து நிமிஷம். அதுக்குப் பேரு கல்யாணமா? நாலு மாசம் தாங்கல. அதை நான் யார்கிட்டயும் சொல்லவும் இல்ல, சொல்லப் போறதும் இல்ல."

"லைசன்ஸ்ல அந்தப் பேருதான் இருக்கு, ஆர்லீன்" என்றார் வில்டா மெதுவாக. "ஜெயில்ல அதைப் பாத்துத்தான் எழுதுவாங்க."

பதினோரு நாள் காலையும் மாலையும் நூலகத்தில் தான் அடித்துத் தேடிய பெயரை ஆர்லீன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். சாவியோடு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்காளா?"

"சீட்டு ஆடறா. ஆள் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னான்."

"அப்ப அணையில…"

"அது வேற யாரோ பெத்த பொண்ணு." வில்டா தன் காலணியைப் பார்த்தபடி நின்றார். "அவளுக்கும் எங்கயோ ஒருத்தி தேடிக்கிட்டிருப்பா. எந்தப் பேரைப் போட்டுத் தேடறாளோ."

இரண்டு பெண்களும் படியில் உட்கார்ந்தார்கள். படி ஈரமாக இருந்தது. ஆர்லீன் கோட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. வில்டா கைபேசியைத் திறந்து இருவர் முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்தார்.

"முடியெல்லாம் போச்சே" என்றார் ஆர்லீன்.

"வளரும்."

"தாடையில அது இன்னும் இருக்கு."

"இல்லாம எங்க போகும்."

ஆர்லீன் இன்னும் குனிந்தார். "என்ன பண்ணிட்டு உள்ள போனா?"

"எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு" என்றார் வில்டா.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படத்துக்குக் கீழே குற்றச்சாட்டு வரும் இடத்தின் மேல் வில்டாவின் கட்டைவிரல் அகலமாகப் படிந்திருந்தது. ஆர்லீன் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்துக்கொரு முறை திரை மங்கும். ஒவ்வொரு முறையும் வில்டா அந்தக் கட்டைவிரலை எடுக்காமல், மறுகையின் விரலால் மெல்லத் தொட்டு அதற்கு வெளிச்சம் வரவைத்தார்.