கூட்டிப்போக வருபவர் பெயர்

பிள்ளை பார்க்கிறவளுக்கு எதற்கு மூன்று நோட்டு என்று பயிற்சியின் முதல் நாளே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மகளிர் குழுக் கட்டடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் என்னைப் போலவே, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். பயிற்சி கொடுக்க வந்த மேடம் சிரித்தார். “நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா உங்க வாய் பேசாதுங்க. நோட்டுதான் பேசும்” என்றார்.

முதல் நோட்டு வரவு செலவு. நான் பிள்ளைகளுக்கு வாங்கிய ரஸ்க்கையும் எங்கள் வீட்டுத் தக்காளியையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். “உங்க ஊட்டு ரசத்துக்கு அந்தப் புள்ளைங்க காசு கட்டணுங்களா?” என்று மேடம் கேட்க, கூடமே சிரித்தது. இரண்டாவது நோட்டு, குழந்தை சாப்பிட்டது, தூங்கியது, காய்ச்சல் அடித்தது எல்லாம் எழுத. மூன்றாவதுதான் ஒப்படைப்பு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கூட்டிப்போக வருபவர் பெயர், உறவு, போன் நம்பர், மாலையில் கையெழுத்து. “அதுல பேர் இல்லைன்னா சாமியே நேர்ல வந்தாலும் புள்ளையக் குடுக்காதீங்க.”

அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதுவரை சித்தப்பா என்று வந்தாலும் கொடுப்பேன், பக்கத்து வீடு என்று வந்தாலும் கொடுப்பேன். பயிற்சி முடிந்து சான்றிதழைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டிய பிறகு, நான் வேறு ஆளாகிவிட்டேன். கேட் அருகில் நின்று நோட்டைப் பிரிக்கும்போது தாசில்தார் மாதிரி இருப்பதாக வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள் அந்தப் பெண். திருநெல்வேலிப் பக்கம். டெய்லர் வேலை. ஒன்றரை வயதில் ஒரு மகள். சேர்க்க வந்த அன்று நோட்டை எடுத்து, யார் யார் வருவீர்கள் என்று கேட்டேன்.

“என் பேரு மட்டும் போடுங்கக்கா. வேற யாரு வந்தாலும் குடுத்துராதீங்க.”

புருஷன் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிறேன் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தானாம். “ஊர்க்காரங்கன்னு சொல்லிட்டு யாராச்சும் வருவாங்க. நம்பிராதீங்கக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்னாலேயே அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அம்மா மட்டும்’ என்று எழுதினேன். இந்த நோட்டே இவளுக்காகத்தான் என்று தோன்றியது.

ஆறு மாதம் இருக்கும். ஒரு காலையில் பிள்ளையை விட வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நெருப்பாகச் சுட்டது. நாலு நாள் காய்ச்சல் என்றாள். “லீவு போட்டா என்னங்கம்மிணி?” என்றேன். “மாத்திர போட்டுருக்கேன்க்கா, சரியாப் போவும்” என்று போய்விட்டாள்.

பதினொரு மணிக்குக் கேட்டில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் கோழித் தீவன மாவு.

“யக்கா, நான் பாப்பாவோட தாய்மாமன். பொங்கலூர்ல கோழிப்பண்ணையில வேல. தங்கச்சி கம்பெனியில மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில கெடக்கா. பிள்ளையப் பாக்கணும்க்கா.”

நான் நோட்டை எடுத்து வந்தேன். “உங்க பேரு இதுல இல்லீங்களே.”

அவர் ஆதாரைக் காட்டினார். அவளுடைய ஊர்தான். ஆனால் புருஷனுக்கும் அதே ஊர். என் சந்தேகம் ஒரு படி ஏறியது. அவளுடைய போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நோட்டில் இருந்த கம்பெனி நம்பருக்கு அடித்தேன். “அந்தப் புள்ள நின்னு இருபது நாளாச்சுங்க” என்றார்கள். இங்கே சீசனில் ஆள் கம்பெனி மாறுவது சட்டை மாற்றுவது போல. மாதம் ஒருமுறை நம்பர்களைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார் மேடம். நான் பார்க்கவில்லை. என் தப்பு அது. அந்த நேரத்தில் அது என் தப்பாகத் தெரியவில்லை, அவருடைய பொய்யாகத் தெரிந்தது.

அவர் தன் போனில் யாரையோ அழைத்து என்னிடம் நீட்டினார். தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வடநாட்டுப் பெண்ணாம். “அக்கா, பாப்பா கொண்டு வா. ஜல்தி” என்று அந்தப் பெண் அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனாலும் தங்கையிடமே போனைக் கொடுக்கச் சொன்னபோது உள்ளே போன் விடமாட்டார்கள் என்றதும், யாரை வேண்டுமானாலும் பேச வைக்கலாமே என்று அறிவு சொன்னது. குழந்தையோ அவர் கை நீட்டியதும் வீறிட்டு என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“நீங்களே தூக்கிட்டு வாங்கக்கா. நான் தொடக்கூட மாட்டேன்” என்றார்.

“மத்த ஏழு புள்ளைகளை ஆருகிட்ட உடறதுங்க?”

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் வந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பயிற்சி இல்லாதவர்களிடம் பிள்ளைகளை விடக்கூடாது என்பதும் பாடம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இதை இப்போது மறைத்து என்ன செய்ய? கேட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் வேலையை விட்டு வந்து, அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டுக்காரம்மாவைத் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மணி பன்னிரண்டரை. அந்தம்மா இறங்கும்போதே சொன்னார்: “ஐயோ, இவரு அந்தப் புள்ளையோட அண்ணனுங்க. ரெண்டு ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போனாரே!”

பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். அழ அழத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டெங்கு என்றார்கள். பன்னிரண்டு மணி வரை நினைவோடு இருந்திருக்கிறாள். வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். குழந்தையைக் கொண்டுபோனபோது அவள் வாயில் குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். அடுத்த நாள் சாயங்காலம் இறந்துபோனாள். உடலைப் பிள்ளையோடு ஊருக்குக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் லைன் வீட்டுக்காரம்மா வந்து சொன்னார். அவள் அண்ணன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் மீண்டும் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். அனுபவத்தைச் சொல்லச் சொன்னார் மேடம். நான் எழுந்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனாலும் நீங்க செஞ்சது சரிதாங்க. வந்தது அப்பனோட ஆளா இருந்திருந்தா?” என்றார். யாரோ ஒருவர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. நான் செய்தது சரியாகவே இருக்கட்டும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அது என் வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்தது.

சான்றிதழை அன்றைக்கே கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன். இந்த வேலையே வேண்டாம் என்றும் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் கேட் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் நின்றிருந்தார். தோளில் பாப்பா. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“பண்ணை வேலைய விட்டுட்டேன்க்கா. இங்கயே ஒரு கம்பெனியில அயர்னிங்ல சேந்திருக்கேன். தங்கச்சி இருந்த வீட்டுலதான் இருக்கேன்” என்றவர், கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்: “அந்த நோட்டக் கொண்டாங்கக்கா.”

கொண்டுவந்து கொடுத்தேன். ‘அம்மா மட்டும்’ என்று நான் எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குக் கீழே தன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் ‘தாய்மாமன்’ என்று போட்டு, புதுக் கம்பெனியின் நம்பரையும் எழுதினார். பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்.

“வேற யாரு வந்தாலும் குடுத்துராதீங்கக்கா.”

அவள் சொன்ன அதே சொல். குத்திக்காட்டச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார். “சரிங்க” என்றேன்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வருகிறார். மற்றவர்கள் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் கையெழுத்துப் போடுவார்கள். இவர் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். கேட் திறந்துதான் கிடக்கும்.

“உள்ள வாங்க” என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்.

“நோட்டக் கொண்டாங்கக்கா, மொதல்ல கையெழுத்துப் போட்டுருதேன்” என்கிறார்.