மணி கேட்கும் தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தண்ணீர்த் தொட்டி அருகே கூடி ஓடுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'யூ-டர்ன் அக்கா'. மற்றவர்கள் ரயில் பாலம் வரை போய், பாலத்தைக் கடந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமாகவே சுற்றி வருவார்கள். இவள் மருந்துக்கடை முனை வந்ததும் திரும்பிவிடுவாள். மறுபடி தொட்டி, மறுபடி முனை. செக்குமாடுகூட இதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் போடும்.

காரணம் அண்ணன். லாரி ஓட்டிய மனுஷன் பக்கவாதத்தில் விழுந்து, வலது கையும் பேச்சும் போய்க் கட்டிலோடு ஆனான். அவனுக்குக் கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்று வாங்கினாள். பொத்தான் அவன் இடது கட்டைவிரலுக்கு எட்டும்படி கட்டிலில் இருக்கும். தீப்பெட்டி அளவு மணிப்பெட்டி இவள் இடுப்பில் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் தண்ணீர், இரண்டு தடவை அழுத்தினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் அழுத்தினால், டிவியில் சேனல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாங்கிய அன்றே பக்கத்து வீட்டுக்காரியை அழுத்தச் சொல்லிவிட்டுத் தெருவில் நடந்து பார்த்தாள். மருந்துக்கடை வரை கேட்டது. அதைத் தாண்டினால் ஊமை.

ஓடச் சொன்னதும் உல்லாசத்துக்காக இல்லை. அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ, "உங்க இடுப்பு போச்சுன்னா இவரை யாருக்கா தூக்குறது? ஞாயித்துக்கிழமை எங்ககூட ஓடுங்க" என்றாள். அவளே அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சொன்னது சரியான பேச்சு. நோயாளியைத் தூக்குகிறவள் முதலில் தன் முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் படுத்துவிட்டால் யாருக்கு லாபம்?

அண்ணன் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள். பொத்தானை மேசை இழுப்பறையில் போட்டாள். மணிப்பெட்டியை மட்டும் கழற்றவில்லை. பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் கை அதை எடுத்து இடுப்பில் மாட்டியது, அவ்வளவுதான். வீட்டில் தையல் வேலை இருந்தது. ஜிப் மாற்றுவது, பேன்ட்டுக்கு மடிப்புத் தைப்பது. மெஷின் நின்றால் வீடு 'உம்'மென்று இருக்கும். பேசுவதற்கு ஆளில்லாமல், துணி கொடுக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கூடுதலாக நாலு கேள்வி கேட்பாள்.

அப்போதுதான் தங்கையின் போன் வந்தது. தங்கையின் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள்.

"அக்கா, நீ அங்க சுவத்தப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப்போற? இங்க வந்துடு. உனக்கும் ஒரு துணையா இருக்கும்ல?"

"யாருடி துணை? உங்க மாமியாரா?"

"விளையாடாதக்கா. வெளியாளுங்க உன்னை மாதிரி பாப்பாங்களா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவரு கார் எடுத்துட்டு வர்றாரு. பெட்டியக் கட்டி வை."

"பாக்கலாம்" என்றாள். தங்கைக்கு அது 'சரி' என்றே கேட்டது. தப்பு தங்கையுடையதும் இல்லை. இத்தனை வருஷமாக இவள் 'முடியாது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

பெட்டியும் கட்டிவிட்டாள். பெட்டி வாசலில் இருக்க, அந்த ஞாயிறு ஓடப் போனாள்.

"இன்னிக்காவது பாலம் வரைக்கும் வாங்கக்கா" என்றாள் பிசியோ.

வந்தாள். மருந்துக்கடை முனையில் கால்கள் திரும்பப் பார்த்தன. இழுத்துக்கொண்டு தாண்டினாள். அடுத்த விளக்குக் கம்பம் வருவதற்குள் இடுப்பில் 'கீச்'சென்றது. யோசிக்கவே இல்லை. திரும்பி ஓட்டம் பிடித்தாள்.

"போட்டாச்சுப்பா யூ-டர்ன்! இண்டிகேட்டர் கூடப் போடல!" என்று பின்னாலிருந்து, கூட்டத்தில் ஓடுகிற பேக்கரிக்காரர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

பூட்டைத் திறந்து, செருப்பைக்கூட உதறாமல் உள்ளே ஓடினாள். வெறும் கட்டில். சுருட்டிய மெத்தை. மூச்சு வாங்க நின்றபோது மறுபடி கீச்சென்றது. பேட்டரி தீர்கிற சத்தம்.

கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. மணிப்பெட்டியைக் கழற்றி இழுப்பறையில் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசலில் பெட்டி காலில் இடித்தது. அதை ஒதுக்கிவிட்டு வெளியே வந்து பூட்டினாள்.

தெருவில் கூட்டத்தின் வாலைக்கூடக் காணோம். மருந்துக்கடையைத் தாண்டினாள். தச்சுப்பட்டறை, டயர்க் கடை, அப்புறம் பெயர் தெரியாத தெருக்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்க்காத சுவர்கள். பாலத்தில் ஒருவரும் இல்லை. கடைசி ஆள் வரும்வரை அங்கே நின்று தலையை எண்ணுவது கூட்டத்தின் வழக்கம். இவள் தலை எந்த நாளும் அந்தக் கணக்கில் சேர்ந்ததில்லை. திரும்பிப் போகிறவளை யார் எண்ணுவார்கள்?

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் வீட்டில் கிடந்தது. மணியும் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் கை வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டது. தண்டவாளம் இரண்டு பக்கமும் நீளமாகப் போனது. ரயில் எதுவும் வரவில்லை. போதும் என்று தோன்றும்வரை நின்றாள். போதும் என்று சொல்லவும் அவளைத் தவிர ஆளில்லை.

முழங்கால் வலித்ததால் திரும்பி நடந்தே வந்தாள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அந்தப் பக்கத்துலருந்து வர்றீங்க?"

"பாலம் வரைக்கும் போனேன். வலிக்குத் தடவுற களிம்பு ஒண்ணு குடுங்க."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

வீட்டில் தங்கையின் அழைப்புகள் வரிசையாக நின்றன. எடுத்துப் பேசினாள்.

"கார் அனுப்பாத. ஒரு ஆள் வச்சுக்கோ. தூக்குறது, புரட்டுறது, புண்ணு வராம பாத்துக்கிறது எல்லாம் நான் ஒரு நாள் வந்து சொல்லித் தர்றேன். அன்னிக்கே சாயங்காலம் கிளம்பிடுவேன். அங்க தங்க மாட்டேன்."

"எதுக்குக் கிளம்பணும்? அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்னக்கா?"

"முடியாதுடி."

"கல்லு மனசு உனக்கு" என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள்.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். முழங்காலில் களிம்பைத் தேய்த்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். மத்தியானம் தெருவில் கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் மெஷினை நிறுத்தினாள். ஒன்றும் வாசலில் நிற்கவில்லை. மறுபடி மிதித்தாள்.