வாய்தா கேட்காத காலை

பயம் தீர்ந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பவருக்குப் பேசும் நாள் வருமா? தமிழினியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. பள்ளியில் பாடத்தை வாசிக்கச் சொன்னாலே பக்கத்தில் இருப்பவளிடம் புத்தகத்தைத் தள்ளிவிடுவாள். அம்மா பாஞ்சாலை செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு விளிம்பு தேய்த்துச் சம்பாதித்த கூலியில் சட்டம் படித்தாள். போயும் போயும் ஏன் வக்கீல் வேலை என்று கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினாள்.

விருத்தாசலம் கோர்ட்டில் ராஜமாணிக்கம் என்ற மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வாசலிலேயே நீதிபதியை நோக்கித் தலை வணங்குவாள். முன்வரிசை காலியாகக் கிடந்தாலும் அது சீனியர்களின் இடம் என்று பின்னால் போய் உட்காருவாள். வெளியே வரும்போது முதுகைக் காட்ட மாட்டாள். நல்ல பணிவு என்று மற்றவர்கள் மெச்சினார்கள். அதில் பாதிக்குமேல் பயம். முறை தவறாமல் நடப்பவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்கு அது போதும்.

அன்று கொளஞ்சியம்மாளின் வழக்கு. அந்த அம்மாள் குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று அண்ணன் மகன் பழமலைநாதன் தொடுத்தது. அம்மாள் தரப்பில் ராஜமாணிக்கம் அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இரண்டு முறை வாய்தா வாங்கியாகிவிட்டது. இதுவே கடைசி வாய்ப்பு என்று நீதிபதி எழுதியும் வைத்துவிட்டார். இன்றும் கேள்வி கேட்காவிட்டால் அவன் சொன்னது அப்படியே நிற்கும். வீடு கைவிட்டுப் போகும்.

பத்தே முக்காலுக்கு சீனியர் போன் செய்தார்.

"சிதம்பரம் கோர்ட்டுல மாட்டிக்கிட்டேன்னு சொல்லி வாய்தா வாங்கிடும்மா."

அவர் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஸ்ரீமுஷ்ணத்தில் அவருடைய சம்பந்தி வீட்டுக் கல்யாணம் என்று குமாஸ்தா முந்தின நாளே சொல்லியிருந்தார்.

இந்த மாதிரிப் பொய்யை எல்லா ஜூனியர்களும் சொல்லியிருக்கிறார்கள். தமிழினியும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் இன்று பொய் எடுபடாவிட்டால் இழப்பு அவளுக்கு இல்லை. கடைசி பெஞ்சில் கொளஞ்சியம்மாள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். தமிழினி எழுந்தாள்.

"சீனியர் எங்கம்மா?" நீதிபதி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இங்க இல்லீங்க மேடம்."

"அதான் தெரியுதே. எங்க இருக்காரு?"

சிதம்பரம் என்றால் எந்தக் கோர்ட், என்ன வழக்கு என்று அடுத்த கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் சீனியரை நட்டநடுக் கோர்ட்டில் காட்டிக்கொடுத்ததாகும். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடிவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

"அத நான் சொல்றது சரியா இருக்காதுங்க மேடம். வக்காலத்துல என் பேரும் இருக்குது. நானே கேக்குறேன்."

நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வக்காலத்தைப் புரட்டி அவள் பேரைப் பார்த்துவிட்டு, கேளுங்கள் என்றார்.

நன்றாக விசாரித்தாள் என்று சொல்வதற்கில்லை. முதல் கேள்வி காற்றாகத்தான் வந்தது. சத்தமாகக் கேட்கும்படி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கரண்டு யார் பேரில் என்று கேட்டாள். அத்தை பேரில் என்றான் பழமலைநாதன். திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது என்றும் ஒப்புக்கொண்டான்.

"லீவுக்கு வந்தா எங்க தங்குவீங்க?"

"மாமியா வூட்டுலதான்."

சொன்ன பிறகே அவன் தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நீதிபதி அந்தப் பதிலைப் பதிவு செய்தார். கேட்க நினைத்திருந்த அடுத்த கேள்வி மறந்துபோய், தமிழினி அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வீட்டில் கொளஞ்சியம்மாள்தான் இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ராஜமாணிக்கம் பட்டு வேட்டியோடே ஆபீசுக்கு வந்தார். "நீதான் பெரிய வக்கீலாயிட்டியே. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சேதி பரவியது. அன்றைக்கே இரண்டு சீனியர்கள், தங்களிடம் வந்து சேரும்படி ஆள் விட்டார்கள். அவள் விரும்பியிருந்தால் தனியாகவும் தொழில் செய்திருக்கலாம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் ராஜமாணிக்கத்தின் ஆபீசுக்கே போனாள். அன்றைய வழக்குப் பட்டியலை எழுதி அவர் மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். ஏன் என்று பாஞ்சாலை பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். கேட்கும்போதெல்லாம் தமிழினி, முடியாத கொளஞ்சியம்மாள் வழக்கின் கட்டை எடுத்துப் பிரிப்பாள்.