வேர்க்கிறவருக்கே ஜன்னல்

சுப்ரியாவுக்கு வயது ஐம்பது. வெயில் என்பது வெளியிலிருந்து வருவது என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவர். அது உள்ளேயிருந்தும் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னறிவிப்பு கிடையாது. மார்கழி விடியற்காலை, ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது மார்பில் ஓர் அடுப்பு பற்றும். அது கழுத்து வழியாக ஏறி, காதுகள் இரண்டையும் சுட்டுவிட்டு, நெற்றியில் வேர்வையாகக் கொட்டும். மூன்று நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும்.

"மெனோபாஸும்மா. மாதவிடாய் நிக்கிற வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் டாக்டரம்மா.

எல்லாருக்கும் வருவதை ஏன் இதுவரை ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லை என்று சுப்ரியா கேட்டார். அதற்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை இல்லை.

சுப்ரியா செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பத்துப் பெண், அதாவது தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை, மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு இல்லை, வடிகட்டிக் காய்ச்சாத தண்ணீர் இல்லை என்று ஏகப்பட்ட இல்லைகளோடு வளர்ந்தவர். அவரிடம் இருந்த பெரிய 'உண்டு' ஒன்றே ஒன்று: திண்டிவனத்து வேலை. அங்கே மாசிலாமணி என்பவரின் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர் அவர். இருபத்திரண்டு வருடமாக இருட்டறையில் நின்று, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே பாதி திண்டிவனத்துக்குப் பார்வை கொடுத்தவர். கண்ணாடி போட்டுக்கொள்ளும் ஆசையில் எழுத்து தெரியவில்லை என்று புளுகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவார். அந்த இருட்டறை இல்லாமல் தனக்கு ஒரு நாள் விடியும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வேலை திண்டிவனத்தில், வீடு விழுப்புரத்தில். நடுவில் ரயில். அந்த ஐம்பது நிமிடம்தான் இந்தச் சரித்திரத்தின் போர்க்களம்.

ஒரு போர்த் தளபதிக்குக் குறையாத ஏற்பாடுகளோடுதான் சுப்ரியா புறப்படுவார். பையில் வெட்டிவேர் விசிறி, ஈரத் துண்டு, மாற்று ரவிக்கை இருக்கும். வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீரை மறுபடி ஐஸாக்கிய பாட்டிலும் உண்டு. கொதிக்க வைத்ததை உறைய வைப்பதில் என்ன நியாயம் என்று குளிர்பெட்டி மட்டும் உறுமிக் கேட்கும். பாட்டரியில் சுற்றும் குட்டி விசிறி ஒன்றும் இருந்தது. முதல் நாளே அது பக்கத்து இருக்கைப் பெண்ணின் கூந்தலைச் சுருட்டிக்கொண்டதால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.

டாக்டரம்மா நான்கு கட்டளைகள் கொடுத்திருந்தார். பருத்தி கட்டுங்க. காப்பி, காரம் கொறைங்க. தண்ணி நெறைய குடிங்க. காத்து படற எடமா பாத்து உக்காருங்க. முதல் மூன்றையும் சுப்ரியா நிறைவேற்றிவிட்டார். நான்காவது மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதன் மொத்தக் கையிருப்பும் கிருஷ்ணவேணி என்பவரிடம் இருந்தது.

பெண்கள் பெட்டியில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. யார் அதிக வருடம் சீசன் டிக்கெட் எடுத்தவரோ அவருக்கே ஜன்னல். கிருஷ்ணவேணி பதினாறு வருடம். வயது ஐம்பத்து நாலு, திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. முழங்கால் தகராறு வந்த பிறகு பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறியவர் சுப்ரியா. ஆகவே மூன்றே வருடம், நடு இருக்கை. இதையாவது சகித்துக்கொள்ளலாம். ஜன்னலைப் பிடித்த கிருஷ்ணவேணி, உட்கார்ந்த மறுநிமிடம் அதன் ஷட்டரைப் படாரென்று இறக்கிவிடுவார். கேட்டால் சைனஸ் என்பார். காற்று வேண்டாதவருக்கு ஜன்னல் எதற்கு?

இதற்கான விடையைச் சுப்ரியா எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். விடை, போண்டா.

இரண்டு வருடத்துக்கு முன் கிருஷ்ணவேணியின் மகளுக்கு வேலை கிடைத்தது. பெட்டி முழுவதற்கும் அவர் வீட்டு உருளைக்கிழங்கு போண்டா வந்தது. எல்லாரும் இரண்டு எடுத்தார்கள். சுப்ரியா மட்டும், "நாங்க கெழங்கு சாப்பிட மாட்டோங்க்கா" என்று கைகூப்பினார். அடுத்த மாதமே ஷட்டர் இறங்கியது. இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த போர் அந்தத் திங்கட்கிழமை முற்றியது. விக்கிரவாண்டி தாண்டியதும் உள்ளே அடுப்பு பற்றியது. மூடிய ஷட்டர், முன்னால் கூட்டம். மூச்சு முட்டவே, பேரணி ஸ்டேஷனில் ஒரு வாய் காற்றுக்காகச் சுப்ரியா இறங்கினார். காற்று வந்தது. கண்ணை மூடி அனுபவித்தார். கண்ணைத் திறந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி கையசைக்காமலே போய்க்கொண்டிருந்தது, அவருடைய பையையும் ஏற்றிக்கொண்டு.

ஷேர் ஆட்டோ, பஸ், நடை என்று கடைக்கு வந்து சேரும்போது மணி பத்தே முக்கால். எட்டு பேர் கண்ணை விழித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாசிலாமணி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருவத்திரண்டு வருஷத்துல உங்கள ஒரு வார்த்த கேட்டதில்ல. ஆனா இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வேற ஆளு பாக்கறதத் தவிர வழியில்லம்மா" என்றார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்து நீட்டினார். "யாரோ கிருஷ்ணவேணியாம். குடுத்துட்டுப் போனாங்க."

பார், வெற்றிக்கொடி நாட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று சுப்ரியா பல்லைக் கடித்தார்.

வீட்டில் கணவர் நேமிகுமார். விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மனைவி விசிறியைக் கையில் எடுத்தாலே அவர் வாயில் ஒரு யோசனை தயாராக இருக்கும்.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? வேலைய வுட்டுடு. நம்ம கடையில வந்து குந்து. தலைக்கு மேல ஃபேனு சுத்திக்கினு இருக்கும்."

"யூரியா மூட்டைக்கு நான் கண் டெஸ்ட் பண்ணவா?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"அது தெரிஞ்சுதான் அடிக்காம இருக்கேன்" என்றார் சுப்ரியா. ஆனால் அன்று பேரணியில் நின்ற ஞாபகம் உள்ளே உறுத்தியது. "சரிங்க. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். திண்டிவனம் வரைக்கும் ஒழுங்கா உக்காந்து போவ முடியலன்னா, அன்னிக்கே மொதலாளிகிட்ட சொல்லிட்டு நின்னுக்கறேன்."

நேமிகுமார் மறுநாளே உரக்கடையில் போட மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சுப்ரியா கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றே போனார். அது ஒழுங்காகப் போனதாகக் கணக்கில் வராது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியின் சரித்திரத்தில் இதுவரை நடக்காதது நடந்தது. சுப்ரியா முப்பது நிமிடம் முன்னதாகவே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டார். ஏறிய ஒவ்வொரு பெண்ணும் அதைப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வரப்போகும் யுத்தத்தில் சாட்சியாக மாட்டிக்கொள்ள யாருக்கும் இஷ்டமில்லை.

கிருஷ்ணவேணி வந்தார். பார்த்தார். நடு இருக்கையில் உட்கார்ந்தார். ரயில் புறப்பட்டது. முண்டியம்பாக்கம் வரை இருவரும் நேராக எதிர் இருக்கைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காற்று, ஆகா, என்ன காற்று! கரும்புத் தோட்டத்தைத் தடவிக்கொண்டு வந்து முகத்தில் மோதியது. சுப்ரியா வெற்றியை ஓரக்கண்ணால் சரிபார்க்கத் திரும்பினார். கிருஷ்ணவேணி முந்தானையை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டிருந்தார். தோள் உதறியது. பல் கிட்டியது. சும்மா நடிப்பு என்று முதலில் நினைத்தார். ஆனால் கண் சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்தே பிழைப்பவர் அவர். இருபத்திரண்டு வருடத் தொழில் அனுபவம், இது நடிப்பு இல்லை என்றது. அப்போது பார்த்து அவருக்கே உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டது.

விக்கிரவாண்டியில் அம்சவள்ளி ஏறினார். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கக் கூடையோடு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர், அறுபது வயது, குரலுக்கு மூடியே கிடையாது. கூடையை இறக்கியவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தர் வேர்வையில் குளிக்கிறார், ஒருத்தர் குளிரில் நடுங்குகிறார். இருவருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"இன்னாம்மா இது, ஒரே சீட்டுல சித்திரையும் மார்கழியும் குந்திக்கினு இருக்குது?" என்றார். பெட்டி முழுவதும் திரும்பியது. "ரெண்டு பேருக்கும் தூரம் நிக்கிற வயசுதான? எனக்கும் இப்டித்தான் அடிச்சுது. முன்னால சுடும், பின்னால குளுரும். இதுல வெக்கப்பட இன்னா இருக்குது?"

சுப்ரியா கிருஷ்ணவேணியைப் பார்த்தார். "உங்களுக்குமாக்கா? சைனஸுன்னு சொன்னீங்களே?"

"ஆபீஸு பூரா ஆம்பளைங்க. மூக்குன்னு சொன்னா சரின்னுடறானுங்க. வேற இன்னா சொல்றது?" என்றார் கிருஷ்ணவேணி, பல் தந்தியடிக்க. "வூட்டுலருந்து ஸ்டேஷன் வர்றதுக்குள்ள மொத்தமா வேத்து ஊத்திடுது. ஈரத்தோட காத்துல குந்தினா ஒதறல் எடுக்குது. அதான் ஷட்டர எறக்கறது."

"நான் போண்டா கோவம்னு நெனச்சேன்."

"எந்த போண்டா?"

"உங்க பொண்ணுக்கு வேல கெடச்சப்ப குடுத்தீங்களே, நான் வேணாம்னேனே..."

கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அதுவா? உன் பங்க நான்தான் தின்னேன். ஒனக்கு அன்னிக்கே தேங்க்ஸ் சொல்லியிருக்கணும்." பிறகு சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பிலேயே குளிர் கொஞ்சம் விட்டது. "ரெண்டு வருஷமா இத மனசுல வெச்சிக்கினா குந்தியிருந்த? தெரிஞ்சிருந்தா நானும் நாலு வார்த்த திட்டியிருப்பேனே, பொழுதாவது போயிருக்கும்!"

"அப்ப திங்கக்கிழமை என் பையக் கொண்டாந்து குடுத்தது?"

"பின்ன, வழியில தூக்கிப் போடறதா? உள்ள ஐஸ் பாட்டிலு, மாத்து ரவிக்க, விசிறி. தொறந்து பாத்தேன். அச்சு அசல் என் பை மாதிரியே இருந்துச்சு. கேக்கலாம்னுதான் இருந்தேன். மூணு நாளா நீ கதவோரமே நின்னுக்கினு மூஞ்சியத் திருப்பிக்கினா எப்டிக் கேக்கறது?"

சட்டத் திருத்த மசோதா அங்கேயே, பேரணி வருவதற்குள், அம்சவள்ளியின் தலைமையில் நிறைவேறியது. சீசன் டிக்கெட் வருடக்கணக்கு இனி செல்லாது. வேர்க்கிறவருக்கே ஜன்னல். குளிர்கிறவர் நடுவில், ஜன்னலோரம் இருப்பவரைக் காற்றுக்குச் சுவராக வைத்துக்கொண்டு. நிலைமை மாறினால் இடமும் மாறும். மயிலத்துக்குள் இருவரும் மூன்று முறை எழுந்து இடம் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் எதிரே இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

கிருஷ்ணவேணி தன் இரண்டு வருட அனுபவத்தையும் அவிழ்த்துக் கொட்டினார். "பயணத்துக்கு அடர் கலரு பொடவ கட்டு. ஒரு மெல்லிசு சால்வ வெச்சிக்க. ஆறு மாசம் வரலயே, நின்னுடுச்சுன்னு மட்டும் நம்பிடாத. அது சொல்லிக்காம வரும். பேடு ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும்."

பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல், "அக்கா, தூக்கம் வராததுக்கு இன்னா பண்றது?" என்றது. இன்னொரு குரல் மறதியைப் பற்றிக் கேட்க வந்து, என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்தது. அதுவரை சைனஸ், பித்தம், பிரஷர் என்று புனைபெயரில் பயணம் செய்துகொண்டிருந்த வியாதிகள் அன்று அந்தப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டன. அம்சவள்ளியின் கூடையில் பாதி மல்லாட்டை பஸ் ஸ்டாண்டைப் பார்க்காமலே தீர்ந்தது.

திண்டிவனம் வந்தபோது சுப்ரியா உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் உட்கார்ந்ததுமாக வந்தாலும், மொத்தத்தில் உட்கார்ந்தே வந்தார். பிளாட்பாரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்னங்க, வந்து சேந்துட்டேன். நான் வேலைய வுடல."

மறுமுனையில் நேமிகுமார் கேட்டார்: "அப்ப அந்த நாற்காலி?"

"நீங்களே உக்காருங்க. ஐம்பத்தஞ்சு ஆவுதில்ல, உங்களுக்கும் மெத்தை வேணும்" என்று சொல்லிவிட்டு, சுப்ரியா கடைக்கு நடந்தார். அங்கே ஒரு பையன் தனக்கு எழுத்தே தெரியவில்லை என்று அழுதுகொண்டிருப்பதாக மாசிலாமணி இதற்குள் இரண்டு முறை அழைத்துவிட்டார்.