அடுத்த வருஷத்து டிசம்பர்

எங்கள் வீட்டுக்குப் புது வருஷம் நாலைந்து மாதம் முன்னாலேயே வந்துவிடும். அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி பதினெட்டு கழிந்துவிட்டால் காலண்டர் சீசன். அதற்குப் பிறகு அவருக்கு நடப்பு வருஷம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மை பிசகிய தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் மூக்கு இடம் மாறிய முருகன்தான் அட்டை.

2005இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட கோ-கோ அணியில் இருந்தேன். நான் நன்றாக ஓடுவேன், இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. ஆனால் காலாண்டுப் பரீட்சையில் கணக்கு முப்பத்து நான்கு. பாஸுக்கு ஒரு மார்க் குறைவு. அந்த ஒரு மார்க்கை அம்மா என் காலில்தான் தேடினாள். ஆறாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போய், பிறகு விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனிக்கு மாறியவள் அவள். படிப்பு என்றால் அவளிடம் விளையாட முடியாது.

அரையாண்டு நெருங்கும் நேரத்தில் மாவட்டப் போட்டி வந்தது. என்னை அனுப்பச் சொல்லிக் கேட்க, விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள்.

"பரீச்சைக்கு எடஞ்சல் இல்லேன்னா கூட்டிட்டுப் போங்க டீச்சர். ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சுன்னா வெளையாட்டு கெடையாது. அப்புறம் என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

டீச்சர் சரி என்றார். போட்டி விருதுநகரில், அடுத்த வெள்ளிக்கு மறுவெள்ளி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் பரீட்சை அட்டவணை வந்தது. வகுப்பு டீச்சர் பலகையில் கிழமை இல்லாமல் தேதியை மட்டும் எழுதிப்போட்டார், கணக்கு பதினாறாம் தேதி, மத்தியானம் ஒன்றரை மணி. அன்று சாயங்காலம் அப்பா ஒரு காலண்டர் தாளைத் தரையில் விரித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். காலையில் இத்தனை மணிக்கு ஓட்டம், சாயங்காலம் இத்தனை மணிக்குக் கணக்கு என்று ஒவ்வொரு கட்டமாக எழுதினார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தைப் பார்த்து 'மேட்ச்' என்று எழுதினார். பதினாறாம் தேதிக் கட்டத்தைப் பார்த்து 'கணக்கு' என்று எழுதினார். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். இன்றைக்கு மேட்ச், நாளைக்குப் பரீட்சை. தானே அரசாங்கத்திடம் பேசி முடித்ததுபோல அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். "சரி, வெளையாடட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவு சுலபமாக அவள் இறங்கிவந்தது எனக்கே ஆச்சரியம்.

அப்பா எழுதியபடியே நடந்தேன். விடியக்காலை ஓடினேன். சாயங்காலம் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டினேன். போட்டி நடக்கும் வாரத்துப் புதன்கிழமை, கடைசிப் பயிற்சி முடிந்ததும் டீச்சர் எல்லோரிடமும், நாளை மறுநாள் பதினாறாம் தேதி காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

பதினாறா? நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அப்பா அந்தத் தாளைப் பார்த்தார். அடுப்படி வாசலில் தொங்கிய நாள் காலண்டரைப் பார்த்தார். அம்மா தினமும் எழுந்ததும் முதல் வேலையாகக் கிழித்துப் போடுகிற காலண்டர் அது. அதில் புதன், பதினாலு. அப்பாவின் தாளில் பதினாலு வியாழன். திரும்பவும் தாளைப் பார்த்தார். பிறகுதான் மேலே ஓரத்தில் இருந்த வருஷத்தைப் பார்த்தார். அடுத்த வருஷத்து டிசம்பரை விரித்துவைத்துக்கொண்டு எனக்குத் திட்டம் போட்டிருந்தார் மனுஷர்.

"எப்பிடியோ… கை தவறிருச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊருக்கெல்லாம் காலண்டர் அடிக்கிற ஆளுக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியவில்லையே என்று கத்தினேன். இனி உங்களோடு பேசமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் தாளை மடித்தார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டி கிடையாது என்று சொல்லப்போகிறாள், அதோடு கதை முடிந்தது என்று காத்திருந்தேன்.

"எதுக்கு இம்புட்டு அழுக? பரீச்சை மத்தியானந்தான. காலைல போயி வெளையாடு. நான் உடுப்ப எடுத்துட்டு வந்து, பன்னெண்டு மணி பஸ்ல கூட்டிட்டு வந்துருதேன்."

"அப்பிடியா சொல்லுதீக?" என்றார் அப்பா. மரியாதை இடம் மாறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விருதுநகர் மைதானத்தில் காலையில் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். இறுதி ஆட்டம் பதினொன்றுக்கு என்றார்கள். தலைமை விருந்தினர் வந்து சேர பதினொன்றே முக்கால் ஆனது. வேலி ஓரத்தில் அம்மா நின்றாள். வயர்கூடையில் என் சீருடை, ஜியாமெட்ரி பாக்ஸ், தயிர்சாதம். அவள் கோ-கோ பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் சுற்றில் நான் ஆறு நிமிஷத்துக்கு மேல் அகப்படாமல் ஓடினேன். மூச்சு வாங்க வேலிப் பக்கம் வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. போகலாமா என்று கேட்டேன்.

"அதுக்குள்ளயா? இன்னும் ஒரு சுத்து இருக்குன்னு சொன்னாகளே!"

பஸ் நேரத்தைச் சொன்ன அம்மாவேதான் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்களிடம், அந்தா ஓடுற உசரமான புள்ள என் மக என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. இரண்டாவது சுற்றில் நான் சீக்கிரமே அவுட். இரண்டு புள்ளியில் தோற்றோம். மெடல் கொடுக்கும்வரை நிற்கவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் அம்மா சேலையை விரித்து மறைக்க, விளையாட்டு உடுப்பின் மேலேயே சீருடையை மாட்டினேன். அவள் சாதத்தை உருட்டிக் கொடுக்க, நான் சூத்திரங்களை முணுமுணுத்தேன். பரீட்சை அறைக்குள் நுழைந்தபோது பதினைந்து நிமிஷம் போயிருந்தது. நாற்பத்தொன்று வாங்கினேன்.

அடுத்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அம்மாவோடு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி அங்கே இருந்தாள்.

"ஒங்கம்மாளுக்கு மட்டும் எப்பிடித்தான் லீவு கெடைக்குதோ! காலைல மகளுக்கு வெளையாட்டு, மத்தியானம் பரீச்சை, நான் போயிக் கூட்டிட்டு வரணும்னு அதுக்கு மொத வாரத்துச் சனிக்கெழமையே கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிவச்சுட்டா."

இரண்டும் ஒரே நாள் என்று அப்பாவுக்கும் எனக்கும் தெரிந்ததே புதன்கிழமைதான். அக்காவிடம் "அப்படியாக்கா" என்றேன். குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் அப்பா சாப்பிட்டாயா என்று கேட்டார். பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், அவரைத் தாண்டி உள்ளே போனேன். தெரிந்தே சொல்லாமல் இருந்த அம்மாவிடம் கேட்க எனக்கு எதுவுமே தோன்றவில்லை.