பெரியம்மா புடவை பார்த்த நாள்

என் அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் 'லுக்கிங் இன்டு இட்' என்று பதில் வரும். அப்படி வந்துவிட்டால், அந்த விஷயத்தை இனி யாரும் ஏறெடுத்தும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். நானும் அதே பதிலைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறேன். அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஏனென்றால், அந்தச் சொல்லுக்கு உண்மையாக ஒருத்தி பார்த்ததை ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கண்டிருக்கிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பா பட்டு நெய்வார். பெரியப்பாவின் மனைவியான பெரியம்மா புடவை பார்ப்பாள். எங்கள் தெருவில் நெய்பவர்கள் வீட்டுக்கு இருவர் இருந்தார்கள். பார்க்கத் தெரிந்தவள் பெரியம்மா ஒருத்திதான். நெய்து முடிந்த புடவை எதுவும் அவள் கண்ணைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். குறை இருந்தால் வாய் திறந்து சொல்லமாட்டாள். அந்த இடத்துக்கு நேராக, கரையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூலை முடிந்து வைப்பாள். அவ்வளவுதான். நெய்தவர் வந்து, ஊசியால் இழையைச் சேர்த்துவிட்டுத் தன் கையாலேயே அந்த முடிச்சை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை யாரோ முடிச்சை மட்டும் பிய்த்துவிட்டுப் புடவையைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் புடவையைப் பெரியம்மா தொட்டதே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆங்கிலத் தேர்வு. லுக் அட், லுக் ஃபார், லுக் ஓவர், லுக் த்ரூ, லுக் இன்டு, லுக் ஆஃப்டர் என்று பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எது எதற்கு என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"இன்னா பாப்பா, காலைலேர்ந்து ஒரே லுக்கு லுக்குன்னு சொல்லிகினு கீற?" என்றாள் பெரியம்மா.

எல்லாமே பார்ப்பதுதான், பின்னால் வருகிற குட்டி வார்த்தைதான் மாறுகிறது என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நம்மகிட்ட மட்டும் இல்லியா? எட்டிப் பாக்கறது வேற, உத்துப் பாக்கறது வேற. நமக்கு முன்னால வருது, அவங்களுக்குப் பின்னால வருது" என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்த அரக்கு நிறப் புடவையின் கரையில் ஒரு வெள்ளை நூலை முடிந்தாள்.

எனக்குத் திக்கென்றது. அது அப்பா நெய்த கல்யாணப் புடவை. பெங்களூரிலிருந்து ஒரு அம்மா அதைப் பார்க்க மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அது பிடித்துவிட்டால் கல்யாணத்துக்கு வேண்டிய மற்றப் புடவைகளையும் நம்மிடமே நெய்யச் சொல்லுவார்கள் என்று அப்பா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கப்பா சாயப்பட்டறையிலேர்ந்து வரட்டும். ஒரு மணி நேர வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா குளிக்கப் போனாள்.

மூன்று மணிக்கு வரவேண்டிய கார் பதினொரு மணிக்கே தெருமுனையில் நின்றது. வழியில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெளியூர் அம்மாவின் எதிரில் அந்த முடிச்சு தெரிந்தால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, நூலைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குக் கன்னடம் தெரியாது. இங்கிலீஷ் மீடியம் படித்த பாவத்துக்கு என்னை நடுவில் நிறுத்தினார்கள். அந்த அம்மா புடவையை ஒருமுறை தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது, கொடுங்கள், கிளம்புகிறோம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் ஈரத் தலையோடு பெரியம்மா வந்தாள். புடவையின் கரையை விரலால் ஒரு ஓட்டம் ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கச் சொல்லு. இன்னும் ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்" என்றாள்.

புடவையைப் பாய்மேல் முழுநீளத்துக்கும் விரித்து, தலைப்பிலிருந்து நடந்தபடியே மேலோட்டமாகப் பார்த்து வந்தாள். இவர் என்ன செய்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். நான் விழித்தேன். "அதான் காலைலேர்ந்து படிச்சிகினு இருந்தியே, அத்த சொல்லு" என்றாள் பெரியம்மா. லுக்கிங் ஓவர் என்றேன். பின்கட்டு வாசலில் மூங்கில் கழியில் போட்டு, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். லுக்கிங் த்ரூ. நூல் எண்ணும் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். லுக்கிங் இன்டு. ஒவ்வொன்றும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கண்கள் ஒரு சாணைக்கூட அவசரமாகத் தாண்டவில்லை. அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். நானும் பயத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், புடவை உடலின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு, நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை விட்டுப்போயிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். அப்பாவின் முகம் சுருங்கியது. பெரியம்மா புடவையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் பக்கம் கையை நீட்டினாள்.

"பாப்பா, வெள்ள நூலு ஒண்ணு குடு."

என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்த நூலைக் கொடுத்தேன். அதே கரையில் அதே இடத்தில் அதை முடிந்தாள்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அப்பா இழை சேர்க்கும்வரை பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மற்றப் புடவைகளையும் எங்களிடமே சொன்னார். எல்லாவற்றையும் இவர்தான் பார்க்க வேண்டும் என்று பெரியம்மாவைக் காட்டினார். முடிச்சைப் பற்றிப் பெரியம்மா அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

நான் தப்பித்துக்கொண்டேன் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். பெரியம்மா முடிச்சுப் போட்டதையே மறந்துவிட்டாள், நல்லவேளை கேட்ட நேரத்தில் என் கையில் ஒரு நூல் இருந்தது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டும் இருந்தேன். குறை இருந்த இடம் தெரிந்தவள், எல்லோர் எதிரிலும் எதற்காக முதலிலிருந்து தேடினாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை நூல் கட்டு எப்போதும் போல அன்றும் அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது.